முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது?

(களுதாவளையில் நடந்த மாலைக் கூட்டமொன்றில், கணினித் துறையில் தொழில் செய்யும் இளைஞர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாரி மழை விடாமல் அடித்து வாவி நிரம்பும் நாட்களில் இந்தக் கரையில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். முகத்துவாரத்தை வெட்டுகிறார்களா, இல்லையா? தெற்கே கல்லாற்றிலும் வடக்கே பாலமீன்மடுவிலும் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் அடைத்து நிற்கும். படுவான்கரையில் வெள்ளாமை மூழ்கிக் கிடக்கிற விவசாயி, இன்றைக்கே வெட்டுங்கள் என்பார். வாவியில் வலை வீசிச் சீவிக்கிறவர், தண்ணீர் போனால் இறாலும் மீனும் கூடவே போய்விடும், நாலு நாள் பொறுங்கள் என்பார். தாழ்ந்த வளவில் அடுப்படிக்குள் தண்ணீர் ஏறிய குடும்பத்துக்கோ நாலு மணித்தியாலமே அதிகம்.

மணலை வெட்டுவது பெக்கோ ஓட்டுகிறவருக்கு ஒரு காலை நேர வேலை. எந்த இடத்தில் எவ்வளவு அகலத்தில் வெட்டினால் நீர் எந்த வேகத்தில் இறங்கும் என்பதைப் பொறியியலாளர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். எப்போது வெட்டுவது என்பதற்கு மட்டும் அவருடைய புத்தகத்தில் விடை கிடையாது. யாருடைய நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்வி அது. நாலு பேர் கூடி, சத்தம் போட்டு, விட்டுக்கொடுத்து முடிவெடுக்க வேண்டிய கேள்வி. அரசியல் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான். கொடியும் மேடையும் வாக்குச் சீட்டும் அதற்குப் பிறகு வருகிறவை.

இன்றைக்கு இந்த நாட்டில் எத்தனையோ முகத்துவாரங்கள் மென்பொருளுக்குள் இருக்கின்றன. யாருக்கு உதவிப் பணம், யாருக்கு எரிபொருள், யாருடைய பேச்சு நீக்கப்படும், யாருடைய பெயர் ஏற்கப்படும் என்பதெல்லாம் அங்கே வெட்டப்படுகின்றன. வெட்டுகிற கை உங்களுடையது. அந்தக் கைக்குரியவர்கள் எப்போது, எங்கே, யாருக்காக என்ற பேச்சிலும் வந்து உட்கார வேண்டும் என்று கேட்கத்தான் நான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

இந்த ஊரில் இதைக் கேட்பது லேசான காரியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். “படி மனே, நல்ல வேலை எடு, வெளிநாடு போ, அரசியல் மட்டும் கதைக்காத” என்று எங்களை வளர்த்த தாய்மார் கோழைகள் அல்லர். 1987இல் கொக்கட்டிச்சோலையில் நடந்த படுகொலையையும், 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமல் போனதையும் கண்ட தலைமுறை அது. கதைத்த பிள்ளை வீடு திரும்பாத காலத்தில், கதைக்காதே என்பது அன்பின் சொல். எங்களில் பலர் கணினியைத் தெரிந்தெடுத்ததற்கும் அந்த அன்பில் ஒரு பங்கு உண்டு. திரைக்கு முன்னால் இருந்தால் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டார்கள், விடை சரியென்றால் சரி, பிழையென்றால் பிழை என்று நம்பினோம். நானும் அப்படித்தான் நம்பி இத்துறைக்கு வந்தேன்.

அந்த நம்பிக்கை எனக்கு எங்கே உடைந்தது என்று சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பொதுமக்கள் தங்கள் விபரங்களைப் பதிவுசெய்வதற்கான படிவமொன்றைச் செய்யும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. முதற்பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். குடும்பப் பெயர் கட்டாயம், நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அதை எழுத எனக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. எழுதும்போதே எனக்குத் தெரியும், எங்கள் ஊரில் யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து உண்டு, கலியாணத்துக்குப் பிறகு புருஷனின் பெயர் சேர்வதுண்டு, அவ்வளவுதான். கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தார்கள், தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். புதியவன் என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

சில வருடம் கழித்து, விடுமுறையில் வந்திருந்தபோது, ஒரு கருமபீடத்தின் முன்னால் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஆச்சி. கையில் சீலைத் தலைப்பால் சுற்றிய பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், மூன்றும் மடித்த மடிப்பிலேயே கிழியத் தொடங்கியிருந்தன. மூன்றிலும் அவருடைய பெயரின் ஆங்கில எழுத்து மூன்று விதம். திரைக்கு முன்னால் இருந்த பிள்ளை பொறுமையான பிள்ளை. நாலு தரம் முயன்று பார்த்துவிட்டு, “அம்மா, ரெண்டாவது பேர் ஒண்டு கேக்குது, இல்லாட்டி எடுக்குதில்ல” என்றாள். ஆச்சி அவளைப் பார்த்து, “எனக்குப் பேரு ஒண்டுதான் மகள், ரெண்டாவது பேருக்கு நான் எங்க போற?” என்றார்.

அது நான் எழுதிய படிவமா என்று எனக்குத் தெரியாது. என்னைப் போல ஒருவன் எழுதியதுதான். ஐந்து நிமிடத்தில் எழுதிய ஒரு வரி, ஒரு முழு மொழியின் பெயரிடும் முறையைத் தள்ளிவைத்துவிட்டது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. 1988இல் 16ஆவது திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்றது. அரசியலமைப்பில் அத்தனை பாடுபட்டு எழுதியதை ஒரு கட்டாயக் கட்டம் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. அதை எழுதுகிறவர் தாம் சட்டம் இயற்றுவதாக நினைப்பதில்லை. வரிசையில் நிற்கிறவருக்கு அது சட்டம்தான்.

இனி எல்லோருக்கும் தெரிந்த விடயத்துக்கு வருவோம். அஸ்வெசும. 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் தொடங்கிய உதவிப் பணத் திட்டம். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகள். வீடுவீடாகத் தகவல் திரட்டி, கணினியில் ஏற்றி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புள்ளி. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500, பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000, இடைநிலைக் குடும்பத்துக்கு 2,500 என்று வகுத்தார்கள். எத்தனை குடும்பம் என்ற எண்ணிக்கையும் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. மிக வறியவர் 4 இலட்சம், வறியவர் 8 இலட்சம், மற்ற இரண்டு வகையிலும் நாலு நாலு இலட்சம், ஆக 20 இலட்சம்.

நோக்கம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வேண்டியவனுக்குக் கொடுத்து வேண்டாதவனை விடுகிற பழைய வழக்கத்துக்கு முடிவு கட்டத்தான் கணக்கு வேண்டும் என்றார்கள். அது நியாயமான வாதம். ஆனால் பட்டியல் வெளிவந்தபோது நாடெங்கும் சனம் பிரதேச செயலகங்களின் முன்னால் திரண்டது. மேன்முறையீடுகள் பல இலட்சம். ஏன்?

இந்தக் கரையை மட்டும் எடுத்துப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு நன்கொடையாகக் கிடைத்த கல்வீட்டில் ஒரு விதவை இருக்கிறார். ஓடு நல்லது, சுவர் நல்லது, நிலம் சீமெந்து. அடுப்பில் உலை இல்லை. வீட்டின் நிலை என்ற பிரிவில் அவருக்கு எத்தனை புள்ளி? பின்னால் மீன்பெட்டி கட்டிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறவர், அது இல்லாவிட்டால் அன்றைக்கே பட்டினி. அது சொத்தா, தொழிற்கருவியா? மின்சாரப் பாவனையும் ஒரு குறிகாட்டி. ஒரே மானியிலிருந்து மூன்று குடும்பம் மின்சாரம் எடுக்கிற வளவில் அந்தப் பாவனை யாருடைய கணக்கு? இவையெல்லாம் பொறியியல் கேள்விகளா, அரசியல் கேள்விகளா? இரண்டும்தான். குறிகாட்டிக்கு நிறை கொடுப்பது எப்படி, ஒரு நிறையைக் கொஞ்சம் கூட்டினால் எத்தனை குடும்பம் கோட்டுக்கு அப்பால் போகும் என்பது தரவு படித்த உங்களுக்குத் தெரியும். கல்வீட்டு விதவையின் நிலைமை கிராம சேவகருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒரே மேசையில் உட்காராததுதான் குறை. திட்டம் வருமுன்னர் அந்த 22 குறிகாட்டியையும் எடுத்து, மட்டக்களப்பில் ஐம்பது குடும்பத்துக்குப் போட்டுப் பார்த்து, இது இப்படிப் பிழைக்கும் என்று ஒரு பக்க அறிக்கை எழுத எங்களில் ஐந்து பேர் முன்வந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்துக் கியூ.ஆர். அட்டையும் இதே பாடம்தான், கொஞ்சம் நல்ல முடிவோடு. 2022 ஜூலையில் அது வந்தபோது மைல்கணக்கில் நின்ற வரிசை கரைந்தது. உருவாக்கிய இளைஞர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த முறைக்கு முதலில் தெரிந்தது வாகன இலக்கம். எங்கள் ஊர் மண் மணல். வெயில் காலத்தில் வெற்றிலைத் தோட்டத்துக்கும் மிளகாய்க்கும் நீர் இறைக்காவிட்டால் கொடியும் செடியும் சுருண்டுவிடும். இறைக்கிற மெசினுக்கு இலக்கத் தகடு ஏது? இலக்கத் தகடு இல்லாத கருவிகளைப் பிரதேச செயலகத்தில் பதிந்து எரிபொருள் எடுக்கிற வழி பிறகுதான் திறந்தது. வெற்றிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று முதல் நாளே அந்த மேசையில் இருந்திருந்தால், முதல் நாளே அந்த வழி திறந்திருக்கும்.

சொல்லாமல் விட்டால் உயிரே போகும் இடங்களும் உண்டு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, எங்களுக்கு அடுத்த அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றில் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்ற பொய் பரவியது. மிரண்டுபோன கடைக்காரர் மொழி விளங்காமல் தலையாட்டிய காணொளி முகநூலில் ஓடியது. அது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பிறகு சொன்னது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. மார்ச் முதல் வாரத்தில் கண்டி திகனையில் தீ எரிந்தது, உயிர்கள் போயின. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைப் படித்து நிறுத்துவதற்கு முகநூல் நிறுவனத்திடம் போதிய ஆட்கள் இருக்கவில்லை. தங்கள் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு அவர்கள் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில். 2019 உயிர்த்த ஞாயிறன்று எங்கள் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் இறந்தார்கள், மறுபடியும் முடக்கம். 2022 ஏப்ரலில் போராட்ட நேரத்தில் இன்னொரு முடக்கம். தீ பற்றியதும் தண்ணீர்க் குழாயை மூடுவதைத் தவிர வேறு கொள்கை இந்த நாட்டிடம் இருக்கவில்லை.

பிறகு கொள்கை என்று வந்தது நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2023 ஒக்டோபரில் சட்டமூலம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது, உயர் நீதிமன்றத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் தாக்கலாயின, பல பிரிவுகளைத் திருத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108 வாக்குக்கு 62 என்று நிறைவேறியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாகச் சேரவில்லை என்ற குற்றச்சாட்டில் சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணைகூட வந்து தோற்றது. எது பொய்யான கூற்று என்று ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு தீர்மானிக்கும், 24 மணித்தியாலத்தில் நீக்கு என்று உத்தரவிடலாம். சேவையகம் எப்படி வேலை செய்கிறது, ஒரு பதிவு எப்படிப் பிரதியாகிப் பரவுகிறது என்பதை நாளாந்தம் கையாள்கிறவர்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மனுப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஊடகக்காரரும் சட்டத்தரணிகளும் அரசியல்வாதிகளும் சிவில் அமைப்பினரும். எங்கள் துறையின் குரல் மிக மெல்லியதாகத்தான் கேட்டது.

எங்களால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நடந்ததை நினைத்துப் பாருங்கள். கல்லாறு தொடக்கம் நாவலடி வரை கரை முழுக்கப் பிணம். யார் எந்த முகாமில், எந்தப் பிள்ளையைத் தேடுவது யார், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்று எவரிடமும் ஒரே இடத்தில் பதிவில்லை. கொழும்பில் மென்பொருள் பொறியியலாளர்கள் தொண்டர்களாகக் கூடி, லங்கா சொஃப்ட்வேர் பவுண்டேசன் என்ற அமைப்பின் துணையோடு, சில கிழமைக்குள் ஒரு திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சஹன. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு எல்லாம் அதில் இருந்தன. பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் எயிட்டி நிலநடுக்கத்துக்கும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டின் சமூக நலனுக்கான கட்டற்ற மென்பொருள் விருதும் அதற்குக் கிடைத்தது. உலகத்துக்கு இந்தத் தீவு கொடுத்த நல்ல பொருள்களில் அது ஒன்று. எங்கள் கண்ணீரிலிருந்து பிறந்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று.

தமிழ்ப் பிள்ளைகள் செய்ததையும் சொல்ல வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து 97,000 நூல்கள் சாம்பலானதை நினைத்து அழுத சமூகத்திலிருந்து, 2005இல் கணினி தெரிந்த சில இளைஞர்கள் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். மட்டக்களப்பில் அச்சான எத்தனையோ மலர்களும் இதழ்களும் இன்று அதில்தான் உயிரோடு இருக்கின்றன. இதற்கெல்லாம் முன்னோடி எங்கள் காரைதீவு மண்ணில் பிறந்த விபுலாநந்த அடிகள். அவரைத் தமிழ்ப் பேராசிரியர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர் விஞ்ஞானமும் படித்தவர், 1920இல் இலண்டன் பி.எஸ்சி. தேறியவர். 1930களில் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். பௌதிகம் எந்த மொழியில் பேச வேண்டும் என்பது சனத்தின் விடயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தியாவில் 2015இல், சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுத்து இணையத்தைத் துண்டாடும் திட்டத்துக்கு எதிராக, நிரலாளர்களும் சட்டத்தரணிகளும் சேர்ந்து ஓர் இயக்கம் நடத்தினார்கள். ஒழுங்குமுறை ஆணையம் நூறு பக்கத்துக்கு மேல் எழுதிய ஆவணத்தைச் சாதாரண ஆளுக்கு விளங்கும்படி சுருக்கிக் கொடுத்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. 2016 பெப்ரவரி 8ஆம் திகதி ஆணையம் அந்த வேறுபாட்டுக் கட்டணத்தைத் தடைசெய்தது. யாரும் தேர்தலில் நிற்கவில்லை. தெரிந்ததைத் தெரியாதவருக்கு விளங்கும்படி எழுதினார்கள், அவ்வளவுதான்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தொழில்நுட்பவியலாளர் அதிகாரத்துக்கு வந்தால் எல்லாம் நலம் என்று நான் நம்பவில்லை. இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி 2009இல் இந்தியாவின் ஆதார் அடையாளத் திட்டத்தின் தலைவரானார். நூறு கோடி பேரின் கைரேகையும் கருவிழியும் பதிவாகிற வேலை தொடங்கியது. அதற்கான சட்டம் வந்தது 2016இல். ஏழு வருடம் முதலில் பொறி, பிறகு சட்டம். 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் திட்டத்தை ஏற்றாலும், தனியார் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த இடமளித்த பிரிவை வெட்டியது. கெட்டிக்காரப் பொறியியலாளர் தனியாக ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரித்தானியாவைப் பார்க்கலாம். அங்கே தபாலகங்களுக்கு புஜிட்சு நிறுவனம் செய்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட உபதபாலதிபர்கள் களவெடுத்தவர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறை போனவர், வீடு இழந்தவர், உயிரை மாய்த்தவர் உண்டு. அவர்களில் தென்னாசிய வம்சாவளியினர் பலர். பிழை மென்பொருளில் இருந்தது. அது உள்ளே வேலை செய்த சிலருக்குத் தெரியும். அங்கே முன்னர் வேலைபார்த்த ஒரு பொறியியலாளர் வெளியே வந்து நீதிமன்றத்தில் சொன்னது வழக்கின் போக்கையே திருப்பியது. 2019இல் தீர்ப்பு, 2024இல் பாராளுமன்றமே சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை நீக்கியது. இடையில் போன இருபது வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இப்போது எங்கள் வாசலில் நிற்பது டிஜிட்டல் அடையாள அட்டை. இந்தியாவின் நன்கொடையோடு வருகிற திட்டம், 2022இல் உடன்பாடு கைச்சாத்தானது. முகம், கைரேகை, கருவிழி மூன்றும் பதியப்படும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து, பிற்போடப்பட்டன. பூட்டு வருமுன்னர் பெட்டி வந்துவிடுமோ என்பது என் கவலை. கொழும்பில் இருக்கிறவருக்கு அடையாள அட்டை ஒரு வசதி. எங்களுக்கு அந்த அட்டையோடு வேறு ஞாபகங்கள் உண்டு. சோதனைச் சாவடியில் அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்து நடந்த தகப்பன்மார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். குடும்பப் படம் எடுத்துப் பதிந்த வீடுகள் இங்கே உண்டு. பதிவு என்ற சொல் எங்கள் காதில் வேறு எடையோடு விழும். ஆகவே யார் பார்க்கலாம், பார்த்தால் அது பதியப்படுமா, பார்க்கப்பட்டவருக்குத் தெரிவிக்கப்படுமா, எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்கும் கடமையும் உரிமையும் எங்களுக்கு மற்றவர்களைவிட ஒரு படி கூட. நான் திட்டத்துக்கு எதிரி இல்லை. மூன்று விதமாக எழுதப்பட்ட பெயரோடு அலைந்த ஆச்சிக்கு நல்ல அட்டை ஒன்று பெரிய உதவி. அது நல்ல அட்டையாக வர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சரி, என்ன செய்வது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். எங்கள் விவசாயிகளிடம் அதற்கான முறை இருக்கிறது. உன்னிச்சைக் குளத்திலோ நவகிரிக் குளத்திலோ பொறியியலாளர் தன் விருப்பத்துக்கு மதகைத் திறப்பதில்லை. போகம் தொடங்குமுன்னர் ஆரம்பக் கூட்டம் வைப்பார்கள். மாவட்டச் செயலாளரோ பிரதேச செயலாளரோ தலைமை. நீர்ப்பாசனப் பொறியியலாளர், விவசாய உத்தியோகத்தர், வட்டைவிதானைமார், சாதாரண விவசாயி எல்லோரும் ஒரே மண்டபத்தில். குளத்தில் எத்தனை அடி நீர் என்று பொறியியலாளர் முதலில் சொல்வார். பிறகு எத்தனை ஏக்கர் செய்வது, எந்தத் திகதிக்கு முன் விதைப்பது, மாடுகளை எப்போது வயலை விட்டு அகற்றுவது, மீறினால் தண்டம் என்ன என்று பேசி முடிவெடுப்பார்கள். வாய்ச்சண்டை வரும். கதிரை தள்ளி எழும்புவார்கள். ஆனாலும் எடுத்த முடிவுக்குச் சட்டத்தின் வலு உண்டு. அந்த மண்டபத்தில் பொறியியலாளர் எசமானும் இல்லை, வேலையாளும் இல்லை. அவர் சொல்லாவிட்டால் கூட்டம் குருட்டுத்தனமாக முடிவெடுக்கும். அவர் மட்டும் முடிவெடுத்தால் கடைமடை வயல் காயும்.

மென்பொருளுக்கு அப்படியொரு ஆரம்பக் கூட்டம் இந்த நாட்டில் இல்லை. அதை உண்டாக்குவதுதான் உங்கள் அரசியல். கட்சியில் சேர விரும்புகிறவர் சேரட்டும், வாக்குக் கேட்கட்டும், அதுவும் வேண்டும். தொழில்நுட்பத் துறையிலிருந்து தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் போய்ப் பிரதி அமைச்சரானவர் இன்று இருக்கிறார். எல்லோராலும் அது முடியாது. முடிந்தது நிறைய இருக்கிறது. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்த நாளிலிருந்து அதை உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த 14 நாட்கள் உண்டு. அந்த இரண்டு கிழமைக்குள் அதைப் படித்து, தமிழில் இரண்டு பக்கம் எழுதி, சந்தையில் நிற்கிறவருக்கும் விளங்கும்படி கொடுக்க எங்களில் ஒரு சிறு குழு போதும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. அந்தக் குறிகாட்டிகளுக்கு என்ன நிறை, எந்தக் கணக்கில் புள்ளி வந்தது, இந்த மென்பொருளை வாங்கிய ஒப்பந்தத்தில் தமிழ்ப் பக்கம் கட்டாயமா என்று எழுத்தில் கேட்கலாம். தம்பிமாரே, ஒரு கடிதம்தான். வேலை செய்கிற இடத்தில், குடும்பப் பெயர் கட்டாயம் என்று யாராவது எழுதச் சொன்னால், கையை உயர்த்தி ஒரு வசனம் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்ட வசனம் அது.

தங்கைமாருக்குத் தனியாக ஒன்று. கருமபீடத்தில் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, உதவிப் பணம் எடுக்க, காணாமற்போன கணவனுக்குச் சான்று கேட்க அவர்கள்தான் நிற்கிறார்கள். அந்தப் படிவத்தை எழுதும் அறையில் நீங்கள் குறைவு. உங்கள் குரல் முதலில் வர வேண்டும்.

எங்கள் பிரதேச சபை களுவாஞ்சிகுடியில்தான் கூடுகிறது. சைக்கிளில் போகலாம். சபை எந்த மென்பொருள் வாங்குகிறது, வரிப்பணம் செலுத்தும் படிவம் தமிழில் சரியாக வேலை செய்கிறதா, வீதிக் கமெரா வைத்தால் பதிவு யாரிடம் இருக்கும் என்ற கேள்விகள் அங்கேதான் முதலில் எழ வேண்டும். அடுத்த மாத அமர்வைப் பார்வையாளராகப் போய்க் கேட்க நான் முடிவெடுத்திருக்கிறேன், கையில் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். தனியாகப் போக விருப்பமில்லை. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். வரக்கூடியவர்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு பெயர் போதும்.